செல்லாயி கொண்டு வந்த பங்கு

எங்க வீட்டு வாசல்ல ரெண்டு வெள்ளாட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பள நிக்கிறா. காலை நேரம். நான் அப்பத்தான் தலைக்குக் குளிச்சுட்டு, ஈரத்துண்டைத் தலையில சுத்திக்கிட்டு வெளியே வாரேன்.

கோரிப்பாளையத்துல எங்க வீடு தர்காவுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருந்தது. அந்தச் சந்துக்கு ஆடு வர்றது அதிசயமே இல்ல. எங்க அத்தா ஆட்டு யாவாரி. சந்தை சந்தையா போயி ஆடு பிடிச்சு வந்து கறிக்கடைகளுக்குக் குடுப்பார். எங்க சந்துல காக்கா சத்தத்தைவிட ஆட்டுச் சத்தந்தான் அதிகம். ஆனா ஓட்டிக்கிட்டு வர்றது எப்பவும் ஆம்பளைங்க. இவ முழங்கால் வரைக்கும் புழுதியோட, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு, நிமிர்ந்து நிக்கிறா.

அடுப்படியில இருந்து அம்மா குரல் குடுத்தாங்க. "பக்ரீத்துக்கு இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள யாரு கொண்டாந்தது?"

அப்புறந்தான் முகத்தைப் பார்த்தேன். நம்ம செல்லாயி! பரவைக்கு மேக்கே கரைமேட்டுல இருக்கிறவ.

"யக்கா! நீங்க எங்க இங்க?"

"பாய் இருக்காகளா தாயி? பங்கு கொண்டாந்திருக்கேன்."

"என்ன பங்கு?"

"ஆட்டுப் பங்குதான். நீங்களா வந்து பிரிப்பீக பிரிப்பீகன்னு பாத்தேன். வரக் காணோம். மழ வேற எறங்கப் போகுது. அதான் நானே ஓட்டியாந்துட்டேன்."

எனக்கு ஒரு மண்ணும் விளங்கல. பஸ்ல ஆட்டை ஏத்த மாட்டேன்னு கண்டக்டர் சொல்லிட்டானாம். கோழி கூப்பிடக் கிளம்பி, விளாங்குடி, செல்லூர்னு நடந்தே வந்திருக்கா. உட்காருங்கன்னேன். ஆடு ரெண்டும் தண்ணி குடிச்ச பிறகுதான் உட்கார்ந்தா.

சங்கத்து ஆடு

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. நான் அப்ப ஒரு சின்னச் சங்கத்துல வேலை பார்த்தேன். எழுபதுகளோட கடைசியா இருக்கும், இல்ல எண்பது பிறந்திருக்கும். என் ஞாபகத்துல வருசம் நிக்காது, ஆளுதான் நிக்கும். சங்கம்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு கயித்துக் கடைக்கு மேல ஒரு மாடி ரூம், நாலு நாற்காலி, அதுல ஒண்ணுக்குக் கால் ஆடும். அந்த நாற்காலி எனக்கு.

ஒண்ணுமே இல்லாத குடும்பங்களுக்கு ஒரு பிழைப்புக்கு வழி பண்ணணும். அதுதான் சங்கத்தோட வேலை. ஏழைன்னு சொல்லுவோமே, அதுக்கும் கீழ. நிலமில்ல, மாடில்ல, கடன் கேட்டாக்கூடக் குடுக்க ஆளில்ல. அப்படிப்பட்ட வீடுகளைத் தேடித்தான் நான் குடையும் பையுமா பஸ் ஏறிப் போவேன். குடை வச்சிருந்ததால ஊருக்குள்ள எனக்கு 'டீச்சரு'ன்னு பேரு. நான் யாருக்கும் அனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததில்ல.

முதல்ல கோழி குடுத்தோம். அந்தக் கோழிக் கதையை மட்டும் கேட்காதீங்க. வெள்ளை வெளேர்னு, பண்ணையில வளர்ந்த சீமைக் கோழி. பருந்துக்கு மேல இருந்து பார்க்கிறப்போ இலையில சோறு போட்டு வச்ச மாதிரி தெரிஞ்சிருக்கும். ஒரு மாசத்துல கரைமேட்டுப் பருந்தெல்லாம் கொழுத்துப் போச்சு. எங்க பெரிய சார் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

நான்தான் சொன்னேன், "சார், வெள்ளாடு குடுப்போம். அதைப் பருந்து தூக்காது."

ஆட்டுக்கு எங்கே போறது? வீட்டுலயே யாவாரி இருக்கப்ப வெளியே எதுக்கு அலையணும்? அத்தாகிட்டயே வாங்கினோம். மகளுக்காக நல்ல சினை ஆடா பொறுக்கிக் குடுத்தார். வீட்டுக்கு ரெண்டு பெட்டை. பந்தல் போட்டு, மைக் செட் வச்சு, பெரிய சார் சுயசார்பைப் பத்தி ரொம்ப நேரம் பேசினார். மைக் பாதி நேரம் கொய்ங்னு கத்துச்சு. பொம்பளைங்க காதைப் பொத்திக்கிட்டு ஆட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

செல்லாயி மட்டும் என்கிட்ட வந்து கேட்டா. "எப்ப வருவீக தாயி?"

"மாசத்துக்கு ஒருக்கா வந்து பார்ப்பேன் யக்கா."

"சரி தாயி"ன்னா. அவ்வளவுதான் பேச்சு.

அவ புருசன் கிணறு வெட்டப் போன இடத்துல கல்லு விழுந்து செத்துப் போனவன். ஒரு மகளைக் கட்டிக் குடுத்துட்டு ஒத்தையா இருந்தா. குடிசைக் கூரை கரையான் தின்னு சல்லடையா கெடந்தது. முந்தின வருச மழையில ஒரு பக்கத்துச் சுவரு ஊறிச் சரிஞ்சு, மழை விடுற வரைக்கும் முறத்தைத் தலையில கவுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாளாம். அதைச் சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

இந்த வருசமும் கூரை மாத்தலன்னா மிச்சச் சுவரும் போயிரும். அப்புறம் அவளுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்காது. நாங்க குடுத்த ஆடு போட்ட குட்டியில ஒரு கிடா பெருத்து நின்னுச்சு, அதை வித்துக் கூரை வேஞ்சுக்கோங்கன்னு போன மாசமே சொல்லிட்டு வந்தேன். தலையைத் தலையை ஆட்டினா. விக்கல. இதோ, அந்தக் கிடா எங்க வீட்டு வாசல்ல நின்னு அம்மாவோட முருங்கைக் கிளையைத் தின்னுக்கிட்டிருக்கு.

அத்தாவோட அடையாளம்

அத்தா டீக்கடையில இருந்து வந்தார். ஆட்டைக் கண்டா அவருக்கு மனுசன் கண்ணுல படாது. நேரா கிடாகிட்டப் போயி இடுப்பைப் பிடிச்சுப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்னுச்சு.

"இது என் அடையாளம்ல?"

இடது காது நுனியில ஒரு வெட்டு, அதுக்குக் கீழ பொடிசா ஒரு கொத்து. எங்க சுத்து வட்டாரத்துல அந்தக் காதைப் பார்த்தா கோரிப்பாளையத்துப் பாய் ஆடுன்னு சின்னப் புள்ளையும் சொல்லும்.

"இந்தக் குட்டிய நான் பாத்ததே இல்லயே. இதுல எப்படி என் வெட்டு வந்துச்சு?"

செல்லாயி எழுந்து நின்னா. முகத்துல அம்புட்டுப் பெருமை. "நான்தான் பாய் வெட்டுனேன். பொறந்த குட்டி ஒண்ணு விடாம வெட்டி, மஞ்சளை வச்சு அமுக்கிவிட்டேன். வேணும்னா வந்து பாருங்க. ஒங்க ஆடு ஒண்ணு மாறிப் போகாது."

அத்தா என்னைப் பார்த்தார். நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் வாசப்படியில உட்கார்ந்து சிரிச்சார் பாருங்க, அம்மா கரண்டியோட ஓடி வந்துட்டாங்க.

வாரத்துக்கு ஆடு விடுறதுன்னு ஒரு முறை எங்க பக்கம் உண்டு. ஆடு உடையவனோடது. வளர்க்கிறது ஏழைப்பட்டவ. தாயாடு என்னைக்கும் உடையவனுக்கு. குட்டி பெருத்ததும் அவன் வந்து, நல்லதாப் பார்த்துத் தன் பங்கை எடுத்துக்கிட்ட பிறகுதான் மிச்சம் வளர்த்தவளுக்கு. அதுவரைக்கும் ஒண்ணை விக்கப்படாது. செல்லாயி தாவணி போட்ட நாள்ல இருந்து ஊரான் ஆட்டை வாரத்துக்கு வளர்த்தவ. சொந்தமா ஒரு ஆட்டுக்குக் கயிறு கட்டினதே இல்ல.

இப்ப அவ பக்கம் நின்னு பாருங்க. ஆட்டு யாவாரி மக ஆடு கொண்டு வாரா. ஆட்டுக் காதுல யாவாரியோட வெட்டு. அந்த மக மாசாமாசம் வந்து, "எம்புட்டுக் குட்டி போட்டுச்சு? எல்லாம் நல்லா இருக்கா?"ன்னு கேட்டு, ஒவ்வொண்ணையும் தடவிப் பார்த்துட்டுப் போறா. உடையவன் வேற என்ன செய்வான்? நான் ஒருத்திதான், குட்டி காதைக்கூடக் கவனிக்காம, அதைச் சமூக சேவைன்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

எனக்குக் கோபம் வந்தா வாய் நிக்காது. "யக்கா, அது உங்க ஆடுன்னு பந்தல்லயே சொன்னோமே! மைக்ல சொன்னோமே!"

"மைக்ல ஆயிரம் சொல்லுவாக தாயி."

"அப்ப நான் சொல்றேன். அம்புட்டும் உங்களுக்குத்தான். ஓட்டிட்டுப் போங்க."

அவ அசையல. "இன்னைக்கு நீங்க சொல்லுவீக. எங்க நாத்தனா இப்படித்தான் புள்ளைக்குச் சொகமில்லன்னு வாரத்து ஆட்டுல ஒரு குட்டிய வித்துட்டா. உடையவன் ஊரக் கூட்டிக் களவாணின்னு சொல்லிட்டான். அன்னைக்குக் குனிஞ்ச தல, சாகுற மட்டும் நிமிரல. மழையில நனைஞ்சாக் காஞ்சு போகும் தாயி. களவாணிப் பேரு காயாது. பங்க எடுத்துக்கங்க. மிச்சத்துல ஒண்ண வித்து நான் கூரையப் போட்டுக்கிறேன்."

என் கோபமெல்லாம் எங்கே போச்சோ. இருக்கிற குட்டியில நல்லதா, கொழுத்ததா ரெண்டு பார்த்து எங்களுக்குக் கொண்டு வந்திருக்கா. நோஞ்சான் குட்டியை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கா. ஆமா, அழுதேன். அம்மா செல்லாயிக்கு இட்லி வச்சுக் குடுத்து, என்னைப் பார்த்து, "போயித் தலையத் துவட்டு, சளி பிடிக்கும்"னாங்க.

கரைமேட்டுக்கு

அத்தா சட்டையை மாத்திக்கிட்டு வந்தார். "ஏம்மா, ஆட்டுக் காதுல என் வெட்டை வச்சுக்கிட்டு 'இது உன் ஆடு'ன்னா எவ நம்புவா? வா, போவோம்."

நகரத்துல காய் இறக்கிட்டுப் பரவைக்குத் திரும்பிப் போற காலி லாரி ஒண்ணு கிடைச்சுது. பின்னாடி சாக்கு மேல நானும் செல்லாயியும் ரெண்டு ஆடும். முன்னாடி டிரைவர் பக்கத்துல அத்தா. வழி நெடுக பழைய முட்டைக்கோஸ் இலை வாசம். கிடா அதுல பாதியைக் காலி பண்ணிருச்சு. செல்லாயி கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. பங்கை வாங்காமத் திருப்பி அனுப்புறாகளே, இதுல என்ன உள்குத்து இருக்கோன்னு அவளுக்கு யோசனை.

கரைமேடுங்கிறது கண்மாய்க் கரையோரமா கொஞ்சம் குடிசை, ரெண்டு வேம்பு, ஒரு கருவேலங்காடு. லாரிச் சத்தத்துக்கே பொம்பளைங்க கூடிட்டாங்க. பாயே நேர்ல வந்துட்டார்னதும் ஒரே பரபரப்பு. ஆளாளுக்குக் குடிசைக்குள்ள ஓடி ஆட்டை அவுத்துக்கிட்டு வாராங்க. எந்தக் காதைப் பார்த்தாலும் அத்தாவோட வெட்டு!

ஒருத்தி ஆடு கொண்டு வரல. காஞ்ச தோல் ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. "பாய், குட்டி கழிச்சல்ல செத்துப் போச்சு. கண்டபடி நெனச்சுராதீக. தோல வச்சிருக்கேன், காதும் இருக்கு பாருங்க"ன்னா. வாரத்து ஆடு செத்தாத் தோலைக் காட்டணும், அதுதான் முறை. இல்லன்னா தின்னுட்டான்னு சொல்லிருவாங்களாம். அந்தத் தோலை எலி கடிக்காம எத்தனை நாள் பொத்தி வச்சிருந்தாளோ.

நான் ஒரு கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டேன். இது வாரம் இல்ல, பங்கு இல்ல, அம்புட்டும் உங்க சொத்து, விக்கலாம், வளர்க்கலாம், யாரும் கேட்க மாட்டோம். தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் "சரி தாயி, சரி தாயி"ன்னாங்க. அந்தச் 'சரி தாயி' எனக்கு நல்லாத் தெரியும். நீ பேசுறதைப் பேசி முடி, எங்களுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம்.

என் பேச்சு முடிஞ்சதும் அத்தா செல்லாயிகிட்டப் போனார்.

"செல்லாயி, இந்தக் கிடா வெலைக்கு வருமா?"

செல்லாயி முழிச்சா. "என்ன பாய் கேக்குறீக?"

"கிடா வெலைக்கு வருமான்னு கேக்குறேன்."

"ஒங்க கிடாய நீங்களே வெலைக்குக் கேப்பீகளா?"

"என்னோடதுன்னா நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்? அவுத்துக்கிட்டு என் பாட்டுக்குப் போக மாட்டேன்? அடுத்தவுக ஆடுன்னாத்தானே வெல கேக்கணும்?"

கூட்டம் இன்னும் நெருங்கி வந்துச்சு. செல்லாயி கிடாயைப் பார்த்தா. அத்தாவைப் பார்த்தா. மெதுவா மண்ணுல உட்கார்ந்துட்டா.

"அப்ப இந்தக் கிடா எனக்கா?"

"உனக்கு."

"பெட்டைக் குட்டி?"

"உனக்கு."

"தாயாடு? தாயாடுமா பாய்?"

"அதுவும் உனக்குத்தாம்மா. என் வெட்ட இனிமே போடாத. உனக்குன்னு ஒண்ணு வச்சுக்க."

செல்லாயி கிடாயோட கழுத்தைக் கட்டிக்கிட்டு, "ஆத்தி! ஆத்தி!"ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிக்கிறப்பவே கண்ணுல தண்ணி ஊத்துது. அந்தக் கிடா என்னடா இதுன்னு முழிக்குது. தோல் வச்சிருந்தவ அதைத் தூக்கி வேம்பு மேல எறிஞ்சா. ஒருத்தி, "வலது காது நுனி எனக்கு, யாரும் அந்த வெட்டப் போடப்படாது!"ன்னு கத்தினா. "போடி, மொதல்ல நெனச்சது நான்"னு இன்னொருத்தி. அன்னைக்குக் கரைமேட்டுல காதுக்கு நடந்த சண்டையைப் போல நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. சந்தோசத்துல போடுற சண்டைக்கு ருசியே தனி.

துண்டு எதுக்கு?

"சரி, வெலையப் பேசுவோம்"னு அத்தா தோள்ல கிடந்த துண்டை எடுத்தார். சந்தையில யாவாரிங்க விலையை வாயால சொல்ல மாட்டாங்க. துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சு அமுக்கித்தான் பேசுவாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூட என்ன விலைன்னு தெரியாது. பழக்க தோசத்துல துண்டை விரிச்சுட்டார். எதிர்ல நிக்கிறது பொம்பளைன்னு அப்புறந்தான் உறைச்சது. கை துண்டுக்குள்ள பாதியில நிக்குது. முகம் சிவந்து போச்சு.

"ஜமீலா, நீ வந்து உள்ள கைய வையி. அவ சொல்றத உன் விரல்ல சொல்லு"ன்னு என்னைக் கூப்பிட்டார்.

நான் நகரல. யார் பக்கம் நிக்கிறது நான்? சம்பளம் சங்கத்துல, சோறு அத்தா வீட்டுல.

செல்லாயி இடுப்புல கையை வச்சுக்கிட்டா. காலையில எங்க வாசல்ல பங்கு கொண்டு வந்து நின்னவ இவதானான்னு எனக்கே சந்தேகம்.

"துண்டு எதுக்கு பாய்? வாயில சொல்லுங்க. அம்புட்டுப் பேருக்கும் கேக்கட்டும்."

அத்தா அவர் ஆயுசுல வாயைத் திறந்து ஆட்டு விலை சொன்னதில்ல. உதட்டுக்குள்ளயே ஏதோ முனகினார்.

"கேக்கல!"ன்னு கூட்டமே கத்துச்சு.

சத்தமாச் சொன்னார். செல்லாயி நிதானமா, "அந்த வெலைக்குச் செல்லூர்ல கோழிதான் கெடைக்கும். கோழி வேணும்னா இந்த டீச்சரு வச்சிருக்கும், வாங்கிக்கங்க"ன்னா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அத்தா என்னை முறைச்சார். விலையை ஏத்தினார். அவ தலையை ஆட்டல. "அப்ப எனக்கு வேணாம்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தார். யாவாரி நடந்தா விக்கிறவங்க பின்னாடியே ஓடி வரணும், அதுதான் வழக்கம். செல்லாயி ஓடல. கிடா முதுகுல ஒட்டியிருந்த முட்டைக்கோஸ் இலையை நிதானமாத் தட்டிவிட்டுக்கிட்டிருந்தா. வேம்பு வரைக்கும் போன அத்தா, செருப்புல முள்ளு ஏறின மாதிரி குனிஞ்சு பார்த்துட்டுத் திரும்பி வந்தார்.

கடைசியில அவ சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழ, அத்தா நினைச்ச விலைக்கு ரொம்ப மேல படிஞ்சுது. கூரைக்குக் கீத்து வாங்கலாம், மூங்கில் வாங்கலாம், வேயுற ஆளுக்கும் குடுத்துரலாம்னு கூட்டமே கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு. மேக்கே மேகம் கருத்துக்கிட்டு வருது. "வரட்டும், வரட்டும். ரெண்டு நாளு பொறுத்து வரச் சொல்லுங்க"ன்னா செல்லாயி. மழைக்கே உத்தரவு போடுறா!

அத்தா காசை எண்ணிக் குடுத்துட்டு, கிடாயோட கயித்தைப் பிடிச்சு இழுத்தார். செல்லாயி குறுக்க வந்து நின்னா.

"கயித்த விடுங்க பாய்."

"ஏன், அதான் வெல பேசியாச்சுல்ல?"

"ஆட்டத்தான் வித்தேன். கயிறு என்னோடது."

அத்தா கயித்துல இருந்து கையை எடுத்தார். ஆடு மாடு விக்கிறவங்க கயித்தைக் குடுக்க மாட்டாங்க. கயிறு போனா வீட்டு லட்சுமியும் கூடவே போயிரும்பாங்க. ஆனா அது உடையவங்களுக்குள்ள முறை. வாரத்துக்கு வளர்க்கிறவளுக்கு ஆடும் சொந்தமில்ல, கயிறும் சொந்தமில்ல. உடையவன் கயித்தோட இழுத்துக்கிட்டுப் போவான், அவ பார்த்துக்கிட்டு நிப்பா. செல்லாயி அப்படி எத்தனை தரம் பார்த்துக்கிட்டு நின்னாளோ. இன்னைக்கு முடிச்சை அவுத்து, கயித்தைச் சுருட்டி, இடுப்புல செருகிக்கிட்டா.

கயிறு இல்லாத கிடா நிக்குமா? கண்மாய்ப் பக்கம் ஒரு தாவு தாவிச்சு. அத்தா பாய்ஞ்சு பிடிச்சார். வேற வழியில்லாம நாலு காலையும் சேர்த்துப் பிடிச்சுத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டார். லாரி அப்பவே போயிருச்சு, மெயின் ரோடு வரைக்கும் கரை மேல நடக்கணும். வெள்ளைச் சட்டை முதுகுல புழுக்கை உருளுது. கிடா அவர் காதுகிட்டயே கத்துது. "யா அல்லா, இந்தக் கனம் கனக்குதே!"ங்கிறார். "நல்லா வளர்த்திருக்கா அத்தா"ன்னேன். "பேசாம வா"ன்னார். அப்புறம் அவரே சிரிச்சுட்டார்.

பின்னாடி கரைமேடே நின்னு சிரிக்குது. அந்தச் சிரிப்புக்கு மேல செல்லாயியோட குரல் கண்மாய் தாண்டிக் கேட்டுச்சு.

"பாய்! அடுத்த கிடாவுக்கு வாரப்ப, கயிறு கொண்டாங்க!"